தொப்பி வச்ச எழுத்தை எப்படி அடிக்கறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை விடவே மாட்டேங்குது. வியாசர்பாடியிலேருந்து காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "அண்ணா, எஸ்பெராண்டோ கத்துக்கறேன். அதுல சில எழுத்துக்குத் தலையில தொப்பி இருக்கு. என் கீபோர்டுல அது இல்ல. புதுசு வாங்கணுமா?"

வாங்காதீங்க தம்பி. அந்தக் காசுக்கு ரெண்டு நாள் பிரியாணி சாப்பிடுங்க.

எஸ்பெராண்டோ என்னன்னு தெரியாதவங்களுக்கு: 1887ல வார்சாவுல சாமென்ஹோஃப்னு ஒரு கண் டாக்டர் வெளியிட்ட மொழி. மொத்தம் 28 எழுத்து. அதுல ஆறுதான் தகராறு. சி, ஜி, எச், ஜே, எஸ் அஞ்சுக்கும் மேல தொப்பி. யு மேல மட்டும் கிண்ணம் மாதிரி ஒரு வளைவு. 1907ல இந்த மொழியைத் திருத்தி இடோன்னு வேற மொழி பண்ண ஒரு கோஷ்டி பிரிஞ்சப்போ, முதல் வேலையா இந்த ஆறையும் தூக்கிப் போட்டுட்டாங்க. அவ்வளவு எரிச்சல்!

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல தமிழ் லோயர் பரீட்சை முடிச்சவங்களுக்கு நான் சொல்றது சட்டுனு புரியும். புள்ளியை அடிச்சா பேப்பரைத் தாங்கற கேரேஜ் நகராது. அதே இடத்துல எழுத்தை அடிப்போம், புள்ளி தலையில உக்காந்துக்கும். பிரெஞ்சு மெஷின்ல தொப்பிக்கும் இப்படி நகராத சாவி உண்டு. எங்க மாஸ்டர் சாவி மேல துணியைப் போட்டு மூடிட்டு அடிக்கச் சொல்லுவார். அப்ப வேர்த்த வேர்வை இருக்கே... சரி, அது வேற கதை.

அந்த மாதிரி மெஷின் இல்லாதவங்க என்ன பண்றது? தொப்பிக்குப் பதிலா பின்னாடி ஒரு எச் போட்டுக்கோன்னு சாமென்ஹோஃபே சொல்லிட்டார். நாம இங்கிலீஷ்ல பழம்னு அடிக்க இசட்-எச் போடறோம்ல, அதே கதைதான். ஆனா எஸ்பெராண்டோவுல எச் ஏற்கெனவே ஒரு எழுத்து. வேட்டை நாய்க்கான சொல்லுல வேட்டைங்கிறது எஸ்ல முடியும், நாய்ங்கிறது எச்ல ஆரம்பிக்கும். ரெண்டும் ஒட்டினா அது தொப்பி வச்ச எஸ்ஸா, தனித்தனியான்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

அதனாலதான் எச்சுக்குப் பதிலா எக்ஸ் போடற வழக்கம் வந்தது. அந்த மொழியில எக்ஸ்ஸே கிடையாது பாருங்க, குழப்பம் வராது. சி-எக்ஸ் அடிச்சா தொப்பி சி, யு-எக்ஸ் அடிச்சா கிண்ணம் யு. விண்டோஸ்ல தாஜ்பின்னு ஒரு இலவச மென்பொருள் இதை அப்படியே மாத்திக் கொடுக்கும். பிரெஞ்சுப் பேர் வந்தாதான் வம்பு. போர்டோன்னு ஊர், எழுத்துல யு-எக்ஸ்ல முடியும். அதுக்கும் கிண்ணம் கவுத்துடும்!

மேக்ல ஏபிசி எக்ஸ்டெண்டடுன்னு ஒரு விசைப்பலகையைச் சேத்துக்கங்க. ஆப்ஷனோட 6, அப்புறம் சி. கிண்ணத்துக்கு ஆப்ஷனோட பி, அப்புறம் யு. லினக்ஸ்ல எஸ்பெராண்டோ விசைப்பலகையே இருக்கு. விண்டோஸ்ல யூஎஸ் இன்டர்நேஷனலை நம்பாதீங்க. அதுல தொப்பி உயிரெழுத்துக்கு மட்டும்தான் ஏறும், சி மேல ஏறாது. போன்ல ஜிபோர்டுங்கிற கூகிள் விசைப்பலகையில எஸ்பெராண்டோவைச் சேத்தா போதும்.

தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. எப்படி அடிக்கறதுன்னு இல்ல, அடிச்சது உள்ள என்னவா சேருதுன்னு. நம்ம ரெகுலர் ஆளுங்களுக்கு இது பழைய பாட்டு. தமிழ்99ங்கிற தமிழ் விசைப்பலகை பத்திப் பேசினப்பவும் இதான் சொன்னேன்: விரல் எதை வேணாலும் தட்டட்டும், ஃபைல்ல போய் உக்கார்றது நிஜ எழுத்தா இருக்கணும்.

ஒரு காலத்துல ராயபுரத்துல டிடிபி கடையில கல்யாணப் பத்திரிகை அடிச்சு, பிரிண்ட் போட வேற கடைக்கு எடுத்துட்டுப் போனா, மாப்பிள்ளை பேர் இருக்கிற இடத்துல புரியாத இங்கிலீஷ் எழுத்தா நிக்கும். அந்த ஃபாண்ட் அங்க இருக்காது. உள்ள இருந்தது தமிழே இல்ல, தமிழ் வேஷம் போட்ட ரோமன். எஸ்பெராண்டோக்காரங்களும் லத்தீன்-3ன்னு தனிக் குறியீட்டு முறை வச்சுக்கிட்டு இதே பாடு பட்டாங்க. மேற்கு ஐரோப்பாவுக்கான லத்தீன்-1ல அந்த ஆறு எழுத்து கிடையாது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கற யூனிகோட் வந்துதான் அந்த ஆறுக்கும், நம்ம தமிழ் எழுத்துக்கும், நிலையான எண் கிடைச்சது.

அதுலயும் ஒரு சிக்கல் பாக்கி. தொப்பி சியை ஒரே எண்ணாவும் வைக்கலாம். வெறும் சி, அது பின்னாடி தனித் தொப்பின்னு ரெண்டாவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், ஆனா சில மென்பொருள்ல தேடினா சிக்காது. நம்ம 'கொ'வுக்கும் இதே தொல்லை உண்டு: ஒகரக் குறி ஒரே எண்ணா இருக்கலாம், இல்ல கொம்பும் காலும் தனித்தனியா இருக்கலாம். அதனால தம்பி, எதை நிறுவினாலும் முதல்ல தொப்பி சி ஒண்ணை அடிங்க, பின்னாடி ஒரு தடவை பேக்ஸ்பேஸ் தட்டுங்க. முழுசாப் போச்சுன்னா பெரும்பாலும் ஒரே எண்ணா சேந்திருக்கும். தொப்பி மட்டும் கழண்டு சி நின்னுச்சுன்னா, ரெண்டா சேருதுன்னு அர்த்தம். அந்த மென்பொருளை மாத்திடுங்க.

அடுத்தது, கொருக்குப்பேட்டையிலேருந்து ஒரு அக்கா பழைய பிரிண்டர் பத்திக் கேட்டிருக்காங்க.