ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாங்க

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு உபசரிப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மனையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் சமையல் குறிப்பு சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: கூப்பிட்டவர் அடுப்படியிலேயே நின்றுவிடக் கூடாது. நம் வீடுகளில் பரிமாறுகிறவர் எல்லோருக்கும் கடைசியில்தான் உட்காருவார். கல்யாணப் பந்திக்கு அது சரி. வாடகை வீட்டு ஹாலில் எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற இடத்தில் அந்த வழக்கம் வேண்டாம்.

என் அக்கா பேரன் இரண்டு நண்பர்களோடு சூளைமேட்டில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறான். ஒரு நாள் வகுப்பு நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். "சின்னப் பாட்டி, மாவு பாக்கெட் வாங்கிட்டேன், இனிமே வேலையே இல்ல" என்றான் போனில். மாவு வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற வயசு. ஊறுகாய் கொடுக்கிற சாக்கில் நானும் போய்ப் பார்த்தேன். இருப்பது ஒரே கல். தோசைக்கு மூன்று நிமிடம் என்றால்கூட, எட்டுப் பேருக்கு ஆளுக்கு மூன்று தோசை ஊற்ற 72 நிமிடம் ஆகும். ஹாலில் இருந்து "டேய், இன்னொண்ணு, முறுகலா" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பனியன் முதுகோடு ஒட்டிப்போய் இவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். கடைசித் தோசையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஹாலில் ஒருவரும் இல்லை. எல்லோரும் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போயிருந்தார்கள்.

அதே மாவில் இட்லி ஊற்றியிருக்கலாம். காலையிலேயே இரண்டு ஈடு அவித்து, ஆறவைத்து, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் புரட்டி வைத்தால் சாயங்காலம் வரை மெத்தென்று இருக்கும். ரயில் பயணத்துக்கு நம் பாட்டிமார் கட்டிக்கொடுத்தது அதுதானே. சட்னி வேண்டாம், சூடு பண்ண வேண்டாம். மணி அடித்ததும் பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டு நீங்களும் உட்காரலாம்.

சரி, எந்த நேரத்துக்குக் கூப்பிடுவது? படங்களில் பார்த்துவிட்டு ராத்திரி எட்டு மணி, ஒன்பது மணி என்கிறார்கள். சென்னையில் படிக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு அது ஒத்துவராது. மகளிர் விடுதிகளில் சீக்கிரமே கதவைச் சாத்திவிடுவார்கள். தாம்பரத்தில் இருந்தும் திருவொற்றியூரில் இருந்தும் வருகிறவர்கள் திரும்பிப் போகிற ரயிலை நினைத்துக்கொண்டே சாப்பிடுவார்கள். மெட்ரோவும் 11 மணியோடு சரி. நான் சொல்வேன், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுங்கள். அது டிபன் நேரம். முழுச் சாப்பாடு போட வேண்டியதில்லை, போடவில்லை என்று யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். கோடையாக இருந்தால் அந்த நேரத்துக்குக் கடல்காற்றும் உள்ளே வந்திருக்கும். ஏழரைக்கு எழுந்து கிளம்பினால் எல்லோரும் நேரத்தோடு வீடு சேரலாம்.

டிபன் என்றால் என்ன வைப்பது? என் முதல் ஓட்டு சுண்டலுக்கு. கால் கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரி ஊறவைத்தால் காலையில் இரண்டு மடங்காக நிற்கும், ஆறு பேருக்குத் தாராளம். குக்கரில் வேகவைத்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வைத்துவிடுங்கள். தேங்காய்த் துருவலும் மாங்காயும் மட்டும் அப்புறம் சேர்த்தால் போதும். மெரினாவில் விற்கிற தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலுக்கும் இதே கணக்குதான். மாங்காயைப் பொடிப்பொடியாக நறுக்குகிற வேலையை வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு மாங்காய். வந்து அரை மணி நேரம் பேச்சே வராமல் சுவரைப் பார்க்கிற கூச்சக்காரர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அவர் கையில் மாங்காயைக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது காரப்பொரி. பொரி, வெங்காயம், கேரட் துருவல், பொட்டுக்கடலை, மிளகாய்த்தூள், இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். இதற்கு அடுப்பே வேண்டாம். ஆனால் நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் பொரி நமத்துப் போகும். அதனால் பெரிய பேசினில் எல்லாவற்றையும் தயாராக வைத்து, சாப்பிடுகிற நிமிடத்தில் கலக்க வேண்டும். அதையும் வந்தவர்களே கலக்கட்டும். உப்பு கூடிப்போனால் பழி உங்கள் மேல் வராது.

பிரியாணி கேட்பார்கள் என்று தெரியும். பக்கெட் பிரியாணியை ஆர்டர் செய்து காசைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கணக்கை அன்றைக்கே குரூப்பில் போட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து "மச்சான், அந்த 120 ரூபாய்" என்று கேட்டால்தான் நட்பு கசக்கும்.

கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: என்ன சாப்பிட மாட்டீர்கள்? சௌகார்பேட்டையில் இருந்து வருகிற ஜைன நண்பருக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு மூன்றும் ஆகாது. ரம்ஜான் மாதம் என்றால் நாலு மணிக் கூட்டத்தை நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தள்ளிவைத்து, பேரீச்சம்பழம் வாங்கி வையுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் நாளே குரூப்பில் கேட்டுவிட்டால் அன்றைக்கு யாரும் தட்டை வெறித்துப் பார்க்க மாட்டார்கள்.

குடிக்க என்ன? கேன் தண்ணீர் முழுசாக ஒன்று இருக்கட்டும், எட்டுப் பேருக்கு 20 லிட்டர் அதிகம் இல்லை. அப்புறம் நீர்மோர். ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர், தட்டிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். இல்லையென்றால் ஒரு பாட்டில் நன்னாரி சிரப்பும் எலுமிச்சம்பழமும் வையுங்கள், அவரவர் கலந்துகொள்ளட்டும்.

தட்டு விஷயம் சின்னதுதான். பிளாஸ்டிக் தட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பாக்குமட்டைத் தட்டு நல்லது, ஆனால் காசு. "ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் எடுத்துட்டு வாங்க" என்று சொன்னால் எடுத்து வருவார்கள். தட்டைக் கழுவி எடுத்துப் போவதும் அவர்கள் பொறுப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். கரண்ட். பழைய வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பைச் சின்ன பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகச் சொருகுகிறார்கள். சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது, சுமார் 1,400 வாட்தான் தாங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 2,000 வாட் இழுக்கும். அதே பாக்ஸில் மிக்ஸியும் நாலு போன் சார்ஜரும் வேறு. பாக்ஸ் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, வாடை வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். பெரிய மூன்று ஓட்டை உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள். வீட்டில் அது இல்லையா, அன்றைக்குச் சுடச்சுட எதுவும் வேண்டாம்.

வீட்டுக்காரர் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலில் பத்து ஜோடிச் செருப்பைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வருவது சந்தேகம்தான். முதல் நாளே படியிறங்கிப் போய், "நாளைக்கு ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க அங்கிள், ஏழரைக்குக் கிளம்பிடுவாங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒரு கிண்ணம் சுண்டலும் போகட்டும். பைக்குகளைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தாதீர்கள். மொட்டை மாடிக்குப் போக வேண்டுமென்றால் சாவியைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பீக்கர் சத்தத்துக்குச் சட்டமே இருக்கிறது. ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் எல்லை. அது மெதுவாகப் பேசுகிற அளவு. நாலு மணிக் கூட்டத்துக்கு இந்தத் தொல்லையும் இல்லை.

பொழுதுபோக்குக்கு டிவியை நம்பாதீர்கள். மேட்ச் இருந்தால் வேறு கதை. இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு போனோடு ஒதுங்கிவிடுவார்கள். கேரம் போர்டு ஒன்று போதும். நாலு பேர் ஆட, நாலு பேர் சுற்றி நின்று தப்புத் தப்பாக யோசனை சொல்வார்கள். சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாமல் விட்டவரை அன்று முழுக்கக் கலாய்க்கலாம். இரண்டு முறை உலக சாம்பியனாகி, கேரமுக்காக 1996-இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் நம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்த காசிமா வட சென்னைப் பெண். வட சென்னைத் தெருக்களில் மாலை நேரத்தில் ஸ்ட்ரைக்கர் சத்தம் கேட்காத நாள் குறைவு. போர்டு இல்லாதவர்கள் பக்கத்துத் தெருவில் கேட்டால்கூடக் கிடைக்கும்.

முடிக்கிறதுக்கு முன்னால், மிச்சம் ஆவது பற்றி. எலுமிச்சை சாதமோ பிரியாணியோ மிஞ்சினால் ராத்திரி முழுக்க மேடையிலேயே விட்டுவிடுகிறார்கள். காலையில் சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்று நினைப்பு. சோற்றில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து, கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கிற நேரத்தில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது, வாந்திதான். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மிச்சத்தைக் கிளம்புகிறவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். விடுதிப் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.