ஆரன் டொனால்ட்: எண்ணில் அடங்காத ஆட்டம்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு தடுப்பாட்டக்காரரை அளக்க எல்லோரும் எடுக்கும் எண் 'சாக்'. தாக்கும் அணியில் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவர் எறியும் முன்பே, ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் அவரைப் பிடித்து வீழ்த்தினால் ஒரு சாக். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. ஆரன் டொனால்ட் பத்து சீசன்களில் எடுத்தவை 111. பெரிய எண்தான். ஆனாலும் அவர் ஆட்டத்தின் பாதியைக்கூட அது சொல்லாது என்பதே என் கட்சி.

பிட்ஸ்பர்க்கில் 1991-ல் பிறந்து, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே ஆடியவர். 2013-ல் கல்லூரித் தடுப்பாட்டத்தின் பெரிய விருதுகளை அள்ளினார். அப்படியிருந்தும், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2014 டிராஃப்டில் 12 பேர் போன பிறகுதான், அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் அணி அவரை எடுத்தது. ஆள் குட்டை என்றார்கள். உயரம் 6 அடி 1 அங்குலம், எடை 285 பவுண்டு, அதாவது 129 கிலோ. எதிரே நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் 'கார்டு'கள் பலர் அவரைவிட ஒரு கை உயரம், பத்துப் பன்னிரண்டு கிலோ கூடுதல். அந்த உடம்போடு 40 கஜத்தை 4.68 விநாடியில் ஓடினார் என்பதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

டொனால்டின் இடம் டிஃபென்சிவ் டாக்கிள், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர். அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கார்டின் வெளித்தோளுக்கு எதிரே, ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கிறார். பந்து பெரும்பாலும் இரண்டரை, மூன்று விநாடிக்குள் குவார்ட்டர்பேக்கின் கையைவிட்டுப் போய்விடும். கண் பந்தின் மேலேயே இருக்க வேண்டும், அது அசைந்ததும் பாய வேண்டும். குரலைக் கேட்டு நகர்கிறவர் ஏமாறுவார், ஏனென்றால் குவார்ட்டர்பேக் வேண்டுமென்றே ஏற்றி இறக்கிக் கத்துவார். முந்திக் கோட்டைத் தாண்டினால் ஆஃப்சைடு, 5 கஜம் போச்சு.

அடுத்தது கை. கார்டின் இரு கைகளும் நெஞ்சுக்கு வந்து சட்டையைப் பற்றிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆகவே டொனால்ட் கார்டின் கை நீளும் அந்தக் கணத்திலேயே அதைக் குறுக்கே வெட்டித் தட்டுவார். மறுகையைக் கார்டின் அக்குளுக்கு அடியிலோ தோளுக்கு மேலாகவோ செலுத்தி, இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் நழுவுவார். கை வேலை செய்யும்போது கால் நின்றுவிட்டால் பயனில்லை, கார்டு மறுபடி எதிரே வந்து நிற்பார். பலர் தோற்பது இங்கேதான். இந்தக் கைவேகத்துக்காக, பயிற்சியாளர் போலிக் கத்திகளை நீட்ட, அவற்றைத் தட்டித் தட்டிப் பழகினார்.

குறை என்று சொன்ன உயரம் இங்கே கைகொடுத்தது. தாழ்ந்த தோள் எப்போதும் உயர்ந்த தோளைத் தூக்கும். நெடிய கார்டு முழங்காலை மடித்து இறங்கிவர வேண்டும், டொனால்டுக்கோ அதுதான் இயல்பான மட்டம்.

இதனால் எதிரணிகள் அவர்மேல் இருவரை ஏவின. ஒருவர் நேரே முட்ட, இன்னொருவர் விலாவில் இடிப்பார். இடிக்கிறவரை நோக்கி நிமிர்ந்து திரும்பினால் கோட்டிலிருந்து கஜக்கணக்கில் பின்னால் தள்ளிவிடுவார்கள். தோளை ஒருக்களித்து, உடம்பைச் சன்னமாக்கி, இருவருக்கும் நடுவே நுழைய வேண்டும். நுழைய முடியாவிட்டாலும் நஷ்டமில்லை. இருவர் இவரிடம் மாட்டியிருக்க, பக்கத்தில் இருக்கும் தோழர் தனியாளோடு மோதுவார். அவர் எடுக்கும் சாக்கில் டொனால்டின் பெயர் இருக்காது.

2018 ஆகஸ்ட் கடைசியில்தான், சம்பள இழுபறி தீர்ந்து, 6 ஆண்டுக்கு 13.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். முன்தயாரிப்பு முகாமுக்கே போகாதவர், அந்த சீசனில் 20.5 சாக் எடுத்தார். நடுவில் நிற்கும் டாக்கிள் ஒருவருக்கு இது நம்ப முடியாத கணக்கு. வெளிமுனையில் நிற்பவருக்குச் சுற்றி ஓட இடம் உண்டு, இவருக்கு நாலாபுறமும் ஆள். 2017, 2018, 2020 என மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது கிடைத்தது.

2022 பிப்ரவரி 13, தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல். ராம்ஸ் 23, சின்சினாட்டி 20. முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். சின்சினாட்டிக்கு இன்னும் வேண்டியது ஒரே ஒரு கஜம். மூன்றாவது முயற்சியில் பந்தோடு ஓடிவந்தவரை டொனால்ட் பிடித்து, கஜம் கொடுக்காமல் இறக்கினார். நான்காவது முயற்சியில் கார்டைத் தாண்டிப்போய் சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை இடுப்போடு பற்றிச் சுழற்றினார். விழும்போதே பர்ரோ விட்டெறிந்த பந்து ஆளின்றித் தரையில் விழுந்தது. கோப்பை ராம்ஸுக்கு. அன்று அதற்கு முன்பே அவர் இரண்டு சாக் எடுத்திருந்தார், ஆனால் கோப்பையைத் தந்த இந்தக் கணம் ஏட்டில் வெறும் 'பிடிக்கப்படாத பாஸ்'.

அடுத்த சீசனில் கணுக்கால் காயத்தால் கடைசி ஆறு ஆட்டங்களை இழந்தார். 2023-ல் திரும்பிவந்து எடுத்தது 8 சாக்தான். அப்படியும், ஆண்டின் சிறந்த வீரர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் லீக்கின் முதல்தர அணியில் எட்டாவது முறையாக இடம் பெற்றார். வாக்களித்தவர்கள் எண்ணை மட்டும் பார்க்கவில்லை. 2024 மார்ச் 15-ல், 32 வயதில் ஓய்வை அறிவித்தார்.