வாக்கு யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது?

(திருகோணமலையில் விளையாட்டுக் கழக நிர்வாகிகள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்துவடிவம்)

தலைவர் அவர்களே, கழகச் செயலாளர்களே, பொருளாளர்களே, மைதானத்திலிருந்து நேரே வந்து பின்வரிசையில் இருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

தேசிய விளையாட்டுச் சங்கங்களில் உறுப்பினரின் வாக்குரிமை பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் தேநீரோடு பாதிப் பேர் எழும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை, சந்தோஷம்.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஜனவரி 21ஆம் திகதி, உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கிற ஃபிஃபா நம்முடைய உதைபந்தாட்டச் சங்கத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. ஃபிஃபாவில் இருப்பது 211 சங்கங்கள். பிரேசிலுக்கும் ஒரு வாக்கு, பூட்டானுக்கும் ஒரு வாக்கு. உலக அரங்கில் நமக்குச் சரிசமமாக ஒரு கதிரை கிடைக்கிற இடங்கள் எத்தனை? அந்த ஒன்றும் அந்த மார்ச்சில் கிகாலியில் கூடிய மாநாட்டில் நமக்கு இல்லை. சரி, வாக்கு போனால் போகட்டும். ஜூனில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் தொடங்கியபோது இலங்கை அணி இல்லை. விருந்தினராக அழைக்கப்பட்ட குவைத் இறுதியாட்டம் வரை போனது. நம்முடைய பெடியன்கள் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே வருடம் நவம்பர் 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவையும் இலங்கையை இடைநிறுத்தியது. இங்கே நடக்க வேண்டிய 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. அந்தத் தடை 2024 ஜனவரி 28ஆம் திகதி வரை இருந்தது.

இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம் வெளியார் தலையீடு. தலையிடச் சட்டமே வழிவிடுகிறது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் அமைச்சர் ஒரு சங்கத்தின் பதிவை இடைநிறுத்தலாம், இடைக்காலக் குழு போடலாம். அமைச்சரைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் சரியில்லாத நிர்வாகத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர்கள் உறுப்பினர்கள். அவர்கள் அந்த வேலையைச் செய்யாத இடத்தில்தான் அமைச்சருக்குச் சாட்டுக் கிடைக்கிறது.

ஏன் செய்வதில்லை? வாக்குகளின் எண்ணிக்கையில் கோளாறு என்பார்கள். இலங்கை கிரிக்கெட்டில் 147 வாக்குகள் இருந்தன. இவ்வளவு சின்ன நாட்டுக்கு ஏன் இவ்வளவு என்று பல காலமாகக் கேட்டார்கள். பின்னர் யாப்பைத் திருத்தி 60 ஆக்கினார்கள். இந்தியாவில் கிரிக்கெட் நிர்வாகத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழு, 2016இல் ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்றது. கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் மகாராஷ்டிராவில் மும்பை, மகாராஷ்டிரா, விதர்பா என்று மூன்று சங்கங்கள். அப்போதே 41 தடவை ரஞ்சிக் கிண்ணம் வென்றிருந்த மும்பை, வாக்குக்காக முறை பார்த்து நிற்க வேண்டிய நிலை. 2018 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றமே இறங்கிவந்து மூன்றுக்கும் வாக்கைத் திருப்பிக் கொடுத்தது. மணிப்பூர், மேகாலயா போன்ற மாநிலங்களுக்கு வாக்குக் கிடைத்ததும் அதே சீர்திருத்தத்தால்தான், அதையும் மறக்கக் கூடாது. சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தில் சமத்துவம் என்ற பேச்சே கிடையாது. பெரிய நாடுகளுக்கு 12 வாக்குகள், சின்ன நாட்டுக்கு ஒன்று.

எந்தக் கணக்கைப் போட்டாலும் அது யாருக்கோ வாய்ப்பாகத்தான் முடியும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. நம்முடைய வாக்கு இங்கிருந்து கொழும்புக்கு எப்படிப் போகிறது?

கிண்ணியாவில் ஒரு கழகம் என்று வையுங்கள். அது லீக்குக்கு, அதாவது இந்தப் பகுதிக் கழகங்களின் கூட்டமைப்புக்கு, சந்தா கட்டுகிறது. லீக் தேசியச் சங்கத்தில் உறுப்பினர். தேர்தல் வந்ததும் லீக்கின் கடிதத்தோடு ஒரு பேராளர் புறப்படுகிறார். நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு தேர்தல், எந்த விளையாட்டு என்று கேட்காதீர்கள். இரவு ரயிலில் ஏறி, கல்ஓயாச் சந்தியில் காத்துக் கிடந்து, விடியக் கோட்டையில் இறங்கினால் வாசலில் வான் நிற்கிறது. ஒரு வேட்பாளர் அனுப்பிய வான். ஹோட்டலில் அறை, குளிக்க வெந்நீர், காலைச் சாப்பாடு. மேசையில் ஒரு தாளில் பெயர்கள் வரிசையாக அச்சடித்திருக்கும், தலைவர் முதல் உதவிப் பொருளாளர் வரை. பேராளர் கெட்ட மனிதர் இல்லை. லீக் அவருக்கு டிக்கெட் காசுகூடக் கொடுக்கவில்லை. யாருக்குப் போட வேண்டும் என்று எந்தக் கழகமும் சொல்லி அனுப்பவில்லை. போனவர் தனக்குத் தெரிந்தபடி போட்டுவிட்டு வந்தார். வந்த பிறகும் ஒருவரும் கேட்கவில்லை.

இதில் கொழும்பை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூதூரிலும் குச்சவெளியிலும் இருக்கிற கழகங்கள் தங்கள் லீக் கூட்டத்துக்கே ஒழுங்காகப் போவதில்லை. கூட்டறிக்கையை வாசித்து, யாரோ ஆமோதித்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பேராளர் தெரிவும் நடந்து முடிகிறது. பந்தையே கண்டிராத பெயர்ப்பலகைக் கழகங்கள் வாக்குப் பட்டியலில் ஏறுவதும் அங்கேதான்.

ஆகவே என்னுடைய கோரிக்கை லீக் மட்டத்தில்தான். பேராளரின் பயணச் செலவை லீக்கே கொடுக்கட்டும். இந்த மண்டபத்தில் ஒருவருக்கு ஒரு சின்னத் தொகை போட்டாலே போதும், வான்காரரிடம் கடன்பட வேண்டியதில்லை. அவர் போக முன்னம் கழகங்கள் கூடி, எந்தத் தீர்மானத்துக்கு ஆம், எதற்கு இல்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். பதவித் தெரிவு இரகசிய வாக்கெடுப்பு, அதில் அவரை முழுதாகக் கட்டிப்போட முடியாதுதான். ஆனால் யாப்புத் திருத்தம், கணக்கறிக்கை போன்றவற்றுக்கு அனேகமாகக் கைதான் உயரும். திரும்பி வந்து ஒரு பக்கத்தில் அறிக்கை தரட்டும். பதிலாள் வாக்கு வேண்டவே வேண்டாம். ஃபிஃபா மாநாட்டில்கூட நேரில் வந்தவர்தான் வாக்களிக்கலாம்.

பின்வரிசையில் ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார்: "விளையாடுகிற எங்களுக்கு வாக்கு இல்லையா?" தேசிய ஒலிம்பிக் குழுக்களில் வீரர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று ஒலிம்பிக் சாசனம் சொல்கிறது. நம்முடைய லீக்குகளில் வாக்கு கழகத்துக்கு, கழகம் என்றால் நாற்பது வருடமாக அதே மூன்று பேர். பெண்கள் அணி வைத்திருக்கிற கழகங்கள்கூட ஒரு பெண்ணைப் பேராளராக அனுப்பி நான் கண்டதில்லை. தம்பி, நீங்கள் கழகத்தில் உறுப்பினர் அட்டை எடுத்துவிட்டீர்களா? முதலில் அதை எடுங்கள். பிறகு பொதுக்கூட்டத்துக்கு வந்து, கையை உயர்த்தி இதே கேள்வியைக் கேளுங்கள்.

செயலாளர்களுக்கு ஒரு விஷயம். இந்த வருடச் சந்தா கட்டாத கழகங்களின் பட்டியல் வாசல் மேசையில் கிடக்கிறது. நிலுவை இருந்தால் வாக்கு இல்லை என்பது அனேகமான யாப்புகளில் உள்ள விதி. போகும்போது உங்கள் கழகத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். நான் பார்த்தேன், பட்டியல் கொஞ்சம் நீளம்.