சாத்தத் தெரியாத கதவு

நேயர்களுக்கு வணக்கம். சுகர் கூடினால் ரத்தக்குழாய் கெடும் என்பது பலருக்கும் தெரியும். எப்படிக் கெடுகிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு அடுக்காகச் செல்கள் பாவியிருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். தசைச் செல்லுக்குள் சர்க்கரை தாராளமாக நுழைய இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். எண்டோதீலியத்தின் கதவான குளூட்-1 இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. வெளியே சர்க்கரை ஏறினாலும் அது சாத்திக்கொள்வதில்லை. அதனால் ரத்தத்தில் ஏறுவது அப்படியே செல்லுக்குள்ளும் ஏறுகிறது.

அந்த மிகைச் சர்க்கரையை எரிக்கும்போது செல்லின் எரிசக்திக் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கசிந்து, சூப்பராக்சைடு என்ற கேடு செய்யும் ஆக்சிஜன் வகை உண்டாகிறது. குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது தின்றுவிடும். கூடவே என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய், அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும். வழுவழுவென்று இருந்த சுவரில் விகேம்-1, ஐகேம்-1 என்ற பசைப் புரதங்கள் முளைக்கும். உருண்டோடிப் போக வேண்டிய வெள்ளணுக்கள் அதில் ஒட்டி, இடுக்கு வழியே உள்ளே புகுந்து, கொழுப்பை விழுங்கிப் படிவமாகும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அதுதான் சங்கடம்.

ஆய்வகத்தில் இதைத் தொப்புள்கொடிச் சிரையின் செல்களை வளர்த்துப் பார்ப்பார்கள். ஒரு தட்டில் குளுக்கோஸ் லிட்டருக்கு 5.5 மில்லிமோல், நம் ரிப்போர்ட் கணக்கில் சுமார் 100. இன்னொன்றில் 25, அதாவது 450. மூன்றாவது தட்டில் 5.5 குளுக்கோஸுடன், செல்லுக்குள் எளிதில் நுழையாத மானிட்டால் என்ற பொருள் 19.5. கரைசலின் அடர்த்தியே செல்லைக் கெடுக்கலாம் அல்லவா, அதைப் பிரித்தறியத்தான். இந்த மூன்றாவது தட்டு இல்லாத ஆய்வை லேசில் நம்ப வேண்டாம்.

2008இல் வெளியான ஓர் ஆய்வில், பெருந்தமனிச் செல்களை 16 மணி நேரம் மட்டும் மிகைச் சர்க்கரையில் வைத்து, பிறகு சாதாரண அளவுக்கு மாற்றினார்கள். 6 நாள் கழித்தும் என்எஃப்-கப்பா-பி மரபணுவின் மேல் மிகைச் சர்க்கரை பதித்த வேதி அடையாளம் அழியவில்லை. 5 மில்லிமோலுக்கும் 20 மில்லிமோலுக்கும் மாறி மாறி ஏறி இறங்கிய சர்க்கரையில் இருந்த செல்கள், 20-லேயே கிடந்தவற்றைவிட அதிகம் மடிந்ததையும் வேறொரு ஆய்வு காட்டியது.

ஆகவே வெறும் வயிற்று அளவை மட்டும் நம்பாதீர்கள். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையும் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிதான், ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது. சாப்பாட்டில் முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் எண்ணிப் பாருங்கள். கை கழுவிய பிறகு எண்ணுவது தவறு. பலருக்கும் 180-க்குள் இருக்க வேண்டும். பொரியல், பருப்பு முதலில், சோறு பிறகு, சாப்பிட்டதும் 15 நிமிட நடை: உச்சம் தணியும். டெஸ்ட் நாளன்று மட்டும் பட்டினி கிடந்தால் ரிப்போர்ட்தான் அழகாக வரும். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சுகர் 70-க்குக் கீழே போய் மயக்கம் வரலாம்.

வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள் தாங்களாகவே மருந்தைக் கூட்டி விரட்ட வேண்டாம். ஹெச்பிஏ1சி-யை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்ற அக்கார்டு ஆய்வில் இறப்பு கூடியதால், 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையையே நிறுத்தினார்கள். உங்கள் இலக்கு எண் எது என்று டாக்டரிடம் கேட்டு, ரிப்போர்ட் ஃபைலின் மேலேயே எழுதி வையுங்கள். வணக்கம்.