மீட்பு என்பது முதலில் ஒரு விலைச் சொல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அடகு வைத்த நகையை மீட்கப் பணம் சேர்க்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அசலையும் வட்டியையும் கட்டி, சீட்டைக் கொடுத்து, நகையைக் கையில் வாங்கும்போது வரும் நிம்மதி அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். தேவாலயத்தில் 'மீட்பு', 'மீட்பர்' என்று கேட்கும்போது நம்மில் எத்தனை பேருக்கு அந்த அடகுக் கடை நினைவுக்கு வருகிறது? எனக்குப் பல வருடங்கள் வரவில்லை. பாட்டிலும் ஜெபத்திலும் கேட்டுக் கேட்டு, கோயிலுக்கென்றே பிறந்த சொல் என்று எண்ணியிருந்தேன். கிரேக்கம் படிக்கத் தொடங்கிய பிறகுதான், முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களும் அதை விலை பேசும் இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று புரிந்தது.

மாற்கு சுவிசேஷத்தில் இயேசு, தம் உயிரை அநேகரை 'மீட்கும் பொருளாக'க் கொடுக்க வந்ததாகச் சொல்கிறார். அங்கே உள்ள கிரேக்கச் சொல் லுத்ரோன். போரில் பிடிபட்டவரை விடுவிக்கவும், அடிமையை விடுதலை செய்யவும் கொடுக்கும் பணத்துக்கு அதுதான் பெயர். டெல்ஃபியில் அப்போலோ கோயிலைத் தாங்கி நிற்கும் நீண்ட கற்சுவரில், இப்படி விடுதலையானவர்களின் பத்திரங்கள் நூற்றுக்கணக்கில் வெட்டப்பட்டிருக்கின்றன. அடிமையின் விலை கட்டப்படும். எஜமான் அவரைத் தெய்வத்துக்கு விற்றுவிட்டதாக எழுதுவார்கள். அதன் பிறகு அவரைத் திரும்ப அடிமையாக்க யாருக்கும் உரிமை இல்லை. அடிமையின் பெயர், விலை, சாட்சிகளின் பெயர்கள் எல்லாம் கல்லில் இருக்கும். கிரேக்க நகரமான கொரிந்துவின் கிறிஸ்தவச் சபையில் அடிமைகளும் இருந்தார்கள். 'கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்', அதாவது விலை கொடுத்து வாங்கப்பட்டீர்கள் என்று அப்போஸ்தலர் பவுல் அந்தச் சபைக்கு எழுதியதைக் கேட்டபோது, அவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. யூதராய்ப் பிறந்தவர்களுக்கோ, தங்கள் முன்னோர் அடிமைகளாயிருந்த எகிப்து நினைவுக்கு வந்திருக்கும். யாத்திராகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், கர்த்தர் இஸ்ரவேலரை மீட்டதைச் சொல்ல இதே சொல்லின் வினையைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள்.

'சபை' என்ற சொல்லையும் பாருங்கள். கிரேக்கத்தில் எக்ளேசியா. நகரத்துக் குடிமக்கள் கூடி முடிவெடுக்கும் ஊர்க்கூட்டம் அது. அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. எபேசு நகரத்தில் தெமேத்திரியு என்ற தட்டான், தியானாள் தேவிக்கு வெள்ளியில் சிறு கோயில்கள் செய்து விற்பவன், பவுலின் பிரசங்கத்தால் பிழைப்பு கெடுகிறது என்று ஊரைக் கிளப்பிவிடுகிறான். ஜனங்கள் அரங்கசாலைக்குள் பாய்கிறார்கள். சுமார் 2 மணி நேரம் ஒரே கோஷம். எதற்குக் கூடினோம் என்றே அநேகருக்குத் தெரியாது என்று எழுதுகிறார் லூக்கா. அந்த அமளிக் கூட்டத்துக்கு அவர் வைத்த சொல்லும் எக்ளேசியாதான்! தமிழில் அங்கே 'கூட்டம்' என்று இருப்பதால் நமக்குத் தெரியாமல் போகிறது. ஊர்க்கூட்டத்தில் பெண்ணுக்கும் அடிமைக்கும் குரல் கிடையாது. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியின் வீட்டில் கூடியதைப் போன்ற சிறு கூட்டங்கள், அவர்களையும் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பெரிய பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டன. எனக்கு இது மிகத் துணிச்சலான காரியமாகப் படுகிறது.

சில இடங்களில் தமிழ் நமக்குக் கூடுதலாகவே தருகிறது. மெட்டநோயா என்ற கிரேக்கச் சொல்லில் மனம் மாறுவது இருக்கிறது. அதற்குப் பின்னால் நிற்கும் எபிரெயச் சொல் ஷூவ். வழியில் நின்று, திரும்பி, வந்த இடத்துக்கே போவது. கிரேக்கத்தில் மனம், எபிரெயத்தில் திரும்புதல். நம் 'மனந்திரும்புதல்' இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. யார் முதலில் அப்படிச் சேர்த்தாரோ, அவருக்கு நான் நன்றியுள்ளவன்.

சரி, 'கர்த்தர்' என்ற சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் கூரியோஸ். வீட்டு எஜமானும் கூரியோஸ், ரோமப் பேரரசனும் கூரியோஸ். தெருவில் ஒருவரை 'ஐயா' என்று மரியாதையாகக் கூப்பிடவும் அதே சொல். யோவான் 20-ஆம் அதிகாரத்தில், கல்லறை அருகே அழுதுகொண்டு நிற்கும் மகதலேனா மரியாள், எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைத்து, 'ஐயா, நீர் அவரை எடுத்துக்கொண்டு போனதுண்டானால்' என்று கேட்கிறாள். அங்கே இருப்பது கூரியோஸ்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளே சீஷர்களிடம் போய், கர்த்தரைக் கண்டதாகச் சொல்கிறாள். அதுவும் கூரியோஸ்தான். ஐயாவிலிருந்து கர்த்தருக்கு, ஒரே சொல்லுக்குள் அவள் நடந்து போய்விட்டாள். மொழிபெயர்ப்பு இதைக் காட்ட முடியாது.

அந்தச் சொல்லுக்காக உயிரே போனதும் உண்டு. கி.பி. 155-ஐ ஒட்டி, இன்றைய இஸ்மிர் ஆன சிமிர்னா நகரத்தில், பாலிகார்ப் என்ற முதிய ஆயரைப் பிடித்தார்கள். காவல் தலைவனும் அவன் தகப்பனும் அவரைத் தங்கள் வண்டியில் ஏற்றி, இதமாகத்தான் பேசினார்கள்: "சீசரே கர்த்தர் என்று சொல்லித் தூபம் போடுவதில் என்ன கெடுதல்?" அவர் மறுத்தார். வண்டியிலிருந்து இறக்கிய வேகத்தில் அவர் முழங்காலுக்குக் கீழே அடிபட்டது. அரங்கில் ஆளுநர், கிறிஸ்துவைத் தூஷித்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார். "86 வருடம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. என்னை இரட்சித்த என் ராஜாவை எப்படித் தூஷிப்பேன்?" என்றார் பாலிகார்ப். சிமிர்னாச் சபை இதையெல்லாம் கடிதமாக எழுதி மற்றச் சபைகளுக்கு அனுப்பியது. மார்ட்டுஸ் என்றால் கிரேக்க நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர், அவ்வளவுதான். விசுவாசத்துக்காக உயிர் விட்டவர் என்ற பொருளில் அந்தச் சொல் தெளிவாக நிற்கும் மிகப் பழைய எழுத்துகளில் அந்தக் கடிதமும் ஒன்று. தமிழில் 'இரத்தசாட்சி' என்கிறோம். நீதிமன்றமும் இருக்கிறது, இரத்தமும் இருக்கிறது.

அப்புறம், மொழிபெயர்க்காமலே விட்ட சொற்கள் சில உண்டு. இயேசுவின் தாய்மொழியான அரமேயச் சொற்கள். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே என்ற இடத்தில் ஜெபித்தபோது அவர் சொன்ன 'அப்பா' அப்படி ஒன்று. 'அப்பா, பிதாவே' என்று வாசிக்கும் தமிழர் பலர் அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைப்பார்கள். இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை, ஒலிதான் ஒன்று. குழந்தை மட்டும் சொல்லும் மழலை என்று சிலர் விளக்குவார்கள். ஆனால் வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நம் வீடுகளைப் போலவே. ரோமருக்கும் கலாத்தியருக்கும் கிரேக்கத்தில் எழுதும்போதும் பவுல் அந்த அரமேயச் சொல்லை அப்படியே விட்டிருக்கிறார்.

இன்னொன்று 'மாரநாதா'. வீட்டு முகப்புகளில் பார்த்திருப்பீர்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசி வரிகளில் இது வருகிறது. அந்தக் காலத்தில் சொற்களுக்கு இடையே இடம் விடாமல் எழுதுவார்கள். 'மாரன் அதா' என்று பிரித்தால், நம் ஆண்டவர் வந்தார். 'மாரனா தா' என்று பிரித்தால், எங்கள் ஆண்டவரே, வாரும். திதகே என்ற பழைய சபை ஒழுங்கு நூலில், பந்தி ஜெபத்தின் முடிவில் இதே சொல் நிற்கிறது. அதனால் எனக்கு இரண்டாவதே சரி என்று தோன்றுகிறது. பந்தியில் உட்கார்ந்தவர்கள், வர வேண்டியவரைக் கூப்பிடுகிறார்கள். பாலஸ்தீனத்து வீடுகளில் முதலில் எழுந்த அந்தக் கூப்பிடுதலை, அரமேயம் தெரியாத கொரிந்து நகரத்து மனிதர்களும் அதே ஒலியில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.