பிரபுக்களும் சுங்கம் கட்டிய பாலம்: புடாபெஸ்ட் ஒரே நகரமான விதம்

அவைத் தலைவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பியத் தலைநகரம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். நான் ஹங்கேரியின் புடாபெஸ்டை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெயருக்குள்ளேயே இரண்டு ஊர்கள் இருக்கின்றன. டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் புடா, அதற்கு வடக்கே ஓபுடா, கிழக்குக் கரையில் பெஸ்ட் என்று தனித்தனியே இருந்த மூன்று ஊர்கள் 1873 நவம்பர் 17 அன்றுதான் ஒரே நகரமாயின. லண்டனோடும் பாரிஸோடும் ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த நகரம்; மண்ணோ மிகப் பழையது. ஓபுடாவில் இன்றும் காணப்படும் அக்வின்கம் என்ற ரோம நகரின் இடிபாடுகள், டான்யூப் கரையே ரோமப் பேரரசின் எல்லையாக இருந்த காலத்தைச் சேர்ந்தவை.

மேற்கிலிருந்து வரும் டான்யூப், நகருக்கு வடக்கே சட்டென்று தெற்கு நோக்கித் திரும்பி, மலைக்கும் சமவெளிக்கும் நடுவே புகுந்து செல்கிறது. புடாப் பக்கம் முழுவதும் குன்றுகள். யானோஷ் குன்று 527 மீட்டர் உயரம், ஆற்றை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் கெல்லேர்ட் குன்று 235 மீட்டர். பெஸ்ட் பக்கமோ தட்டையான நிலம்; ஹங்கேரியின் பெருஞ்சமவெளி அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது. மலையும் சமவெளியும் சந்திக்கும் அந்தப் பிளவுக்கோட்டின் வழியாகத்தான் வெந்நீர் ஊற்றுகள் பொங்குகின்றன. 1541 முதல் 1686 வரை புடாவை ஆண்ட உதுமானியர்கள் அவற்றின் மீது குவிமாடக் குளியலறைகளைக் கட்டினார்கள். ருதாஷ் குளியலகத்தில் இன்றும் மக்கள் நீராடுகிறார்கள். பெஸ்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் புடாவில் குன்றாக எழும் அதே பாறை அடுக்கு பெஸ்டுக்கு அடியிலும் ஆழத்தில் இறங்கிச் செல்கிறது என்பதை அறிந்த வில்மோஷ் ஜிக்மோண்டி என்ற பொறியாளர், பத்தாண்டுகள் துளையிட்டு, 1878இல் சுமார் 970 மீட்டர் ஆழத்திலிருந்து வெந்நீரை மேலே கொண்டுவந்தார். அந்த நீரை நம்பித்தான் 1913இல் செச்செனி குளியலகம் எழுந்தது.

தட்டையான நிலத்துக்கு ஆறு எப்போதுமே அச்சம்தான். 1838 மார்ச் மாதம், உறைந்திருந்த டான்யூப் உடைந்து பனிப்பாளங்கள் ஆற்றை அடைத்துக்கொள்ள, வெள்ளம் பெஸ்டுக்குள் புகுந்தது. பச்சைச் செங்கல்லால் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள் கரைந்து சரிந்தன. 150க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிக்லோஷ் வெஷ்ஷெலேனி என்ற பிரபு, தாமே படகில் சென்று மக்களை மீட்டதை அந்த நகரம் இன்றளவும் மறக்கவில்லை. இன்று நாம் காணும் அகன்ற தெருக்களையும் கனத்த சுவர்களையும் கொண்ட பெஸ்ட், அந்த அழிவுக்குப் பின் எழுந்ததே.

இனி நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்திக்கு வருகிறேன். அந்நாளில் இரு கரைகளையும் இணைத்தது படகுகளை வரிசையாகக் கட்டிய மிதவைப் பாலம் ஒன்றே. குளிர்காலத்தில் பனிப்பாளங்கள் மிதந்து வரும்போது அதையும் அவிழ்த்துவிடுவார்கள். 1820 டிசம்பரில் தந்தையின் இறுதிச் சடங்குக்குப் புறப்பட்ட கவுண்ட் இஷ்ட்வான் செச்செனி, ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் கரையில் காத்திருந்தார். நிலையான பாலம் வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் அங்கேதான் வேரூன்றியது என்பார்கள். பாலத்தைக் கட்டுவதில் பொறியியல் சிக்கலை விடவும் சட்டச் சிக்கலே பெரிதாக இருந்தது. ஹங்கேரியப் பிரபுக்கள் வரி கட்டுவதில்லை. பழைய பாலத்திலும் அவர்களுக்குச் சுங்கம் கிடையாது, சாமானியனே கொடுத்தான். புதிய பாலத்தில் நடப்பவர் எவராயினும் சுங்கம் கட்ட வேண்டும் என்று 1836ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. பிரபுவும் குடியானவனும் ஒரே காசைக் கொடுத்துக் கடக்க வேண்டிய பாலம்! இது தங்கள் உரிமைகளின் முடிவின் தொடக்கம் என்று பழமைவாதிகள் அஞ்சினார்கள். அவர்கள் அச்சம் வீண்போகவில்லை, 1848இல் பிரபுக்களின் வரிவிலக்கே ஒழிந்தது. வில்லியம் டியர்னி கிளார்க் வரைந்து, ஆடம் கிளார்க் என்ற மற்றொருவர் முன்நின்று கட்டிய சங்கிலிப் பாலம் 1849 நவம்பர் 20 அன்று திறக்கப்பட்டது. (இருவருக்கும் உறவு ஏதும் இல்லை.) மழை வந்தால் பாலம் நனையாமல் இருக்க, அதை எதிரே உள்ள குகைப்பாதைக்குள் தள்ளிவிடுவார்கள் என்பது உள்ளூர்க் கேலி.

பாலம் வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்தே நகரங்கள் சட்டப்படி ஒன்றாயின. அதன்பின் வளர்ச்சி மூச்சு முட்டும் வேகம். ஆற்றின் பழைய கிளையொன்று கிடந்த தடத்தில் பெருவட்டச் சாலை அமைந்தது. ஆந்திராஷி நெடுஞ்சாலையின் கீழ் 1896இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில், ஐரோப்பியப் பெருநிலத்தில் முதலாவது.

ஆயினும் ஆறு தன் பிரிவினையை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1944 இறுதிக்கும் 1945 தொடக்கத்துக்கும் இடையில் எல்லாப் பாலங்களும் தகர்ந்தன. பெஸ்ட் ஜனவரி 18 அன்று சோவியத் படையிடம் வீழ்ந்தது. குன்றுகளின் துணையால் புடாவில் சண்டை பிப்ரவரி 13 வரை நீடித்தது. அதே குளிர்காலத்தில், ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்புச்சிலுவைக் கட்சியினர் யூதர்களை ஆற்றங்கரையில் நிறுத்திச் சுட்டார்கள். பெஸ்ட் கரையில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் இரும்புக் காலணிகள் அவர்களுக்கான நினைவு. சங்கிலிப் பாலத்தை மீண்டும் கட்டி, சரியாக நூறாண்டு நிறைந்த 1949 நவம்பர் 20 அன்று திறந்தார்கள்.

இன்று இருபத்து மூன்று வட்டங்களாக நிர்வகிக்கப்படும் அந்த நகரத்தில் ஒருவரை எந்த ஊர் என்று கேட்டால், புடாக்காரர் என்றோ பெஸ்ட்காரர் என்றோ பதில் வருவது இன்னும் உண்டு. முன்பு நாட்டின் சாலைத் தொலைவுகளைப் புடா அரண்மனையின் வாசற்படியிலிருந்து அளந்தார்கள். சங்கிலிப் பாலம் முடிந்தபின் அந்தத் தொடக்கப்புள்ளியைப் பாலத்தடிக்கு மாற்றிவிட்டார்கள். ‘0’ வடிவில் செதுக்கிய கல் ஒன்று இன்று அங்கே நிற்கிறது.

நன்றி, வணக்கம்.