ஆப்டில் போட்ட டூலுக்கு பிப்பில் பிளகின் ஏறுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார், பொள்ளாச்சியில் காலேஜ் படிக்கிறாராம். அப்படியே படிக்கிறேன். "அண்ணா, உபுண்டு 24.04-ல் ஃப்ளேக்8 டூலை ஆப்ட் வழியாகப் போட்டேன், நன்றாக ஓடுகிறது. அதற்கு பக்பேர் பிளகின் வேண்டும் என்று சார் சொன்னார். பிப் இன்ஸ்டால் கொடுத்தால் எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட் என்று எரர் வருகிறது. 22.04 வைத்திருந்தபோது இப்படி வந்ததே இல்லை. நெட்டில் பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் என்று ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்க்கலாமா?"

நல்ல கேள்வி தம்பி. புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: ஆப்ட் என்பது உபுண்டு தன் சாஃப்ட்வேர்களைப் போடுகிற டூல், பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களை நெட்டிலிருந்து இறக்குகிற டூல், ஃப்ளேக்8 பைத்தான் கோடில் தப்பு பார்க்கிற டூல், பக்பேர் அதோடு சேர்ந்து கூடுதல் தப்புகளைப் பிடிக்கிற பிளகின், அதாவது ஒட்டுத் துண்டு. நம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இந்தக் கேள்வி நிறைய வரும், ஏனென்றால் கேரளத்துப் பள்ளிக்கூட லேபில் ஓடுவது கைட் லினக்ஸ், அதுவும் உபுண்டு ஜாதிதான், அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் பிள்ளைகள் உபுண்டுவே போட்டுக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த எரர். பழுது ஒன்றும் இல்லை, அது வேண்டுமென்றே வைத்த பூட்டு. பைத்தான்காரர்கள் பெப் 668 என்று ஒரு விதி எழுதினார்கள். ஒரு பைத்தானை ஆப்ட் மாதிரி வேறொரு ஆள் பராமரிக்கிறார் என்றால் அந்த ஃபோல்டரில் ஒரு அடையாள ஃபைல் கிடக்கும், அதைப் பார்த்ததும் பிப் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் 12-லிருந்து, உபுண்டுவில் 23.04-லிருந்து அந்த ஃபைல் வருகிறது. 22.04-ல் அது இல்லை, அதனால்தான் அப்போது உங்களை யாரும் தடுக்கவில்லை. சிலர் அந்த ஃபைலையே அழித்துவிடச் சொல்லி வீடியோ போடுகிறார்கள். மீட்டர் காட்டுகிற ரீடிங் பிடிக்கவில்லை என்று மீட்டரையே கழற்றுகிற கதைதான் அது.

இனி அந்தப் பூட்டை மீறச் சொல்கிற பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் ஆப்ஷனைச் சேர்த்தால் என்ன ஆகும்? உள்ளதைச் சொல்கிறேன், பெரும்பாலும் ஓடும். அதனால்தான் எல்லோரும் அதைச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் பக்பேரின் புது வெர்ஷன் ஃப்ளேக்8-ன் புது வெர்ஷனைக் கேட்கும், ஆப்ட் வைத்திருப்பது பழையது, உடனே பிப் ஃப்ளேக்8-ஐயும் அது நம்பியிருக்கிற பைகோட்ஸ்டைல், பைஃப்ளேக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இறக்கிவிடும். பைத்தான் தேடும்போது முதலில் பார்ப்பது ஹோம் ஃபோல்டர், அப்புறம்தான் ஆப்ட் வைத்த இடம். அப்போது ஆப்ட் ஒரு வெர்ஷன் இருக்கிறது என்று சொல்லும், ஓடுவது வேறொன்றாக இருக்கும், இரண்டு மாதம் கழித்து ஏதாவது தகராறு என்றால் எது யார் போட்டது என்று உங்களுக்கே தெரியாது. இதையே சூடோ, அதாவது அட்மின் அதிகாரம், சேர்த்துக் கொடுத்தீர்கள் என்றால் கதை இன்னும் மோசம், ஏனென்றால் ஆட் ஆப்ட் ரெப்போசிட்டரி, யூஎஃப்டபிள்யூ என்று உபுண்டுவின் சொந்த டூல்களே பைத்தானில் எழுதியவை, அவையும் நீங்கள் இறக்கிய சரக்கைத்தான் எடுக்கும்.

நானும் பட்டவன்தான். 2018-ல் 16.04 வைத்திருந்தேன், பிப்பை பிப்பாலேயே அப்கிரேடு பண்ணினேன், பத்தாம் வெர்ஷன் வந்தது, அடுத்த நிமிஷத்திலிருந்து பிப் என்று அடித்தாலே கேனாட் இம்போர்ட் நேம் மெயின் என்ற எரர். ஆப்ட் வைத்த ஸ்கிரிப்ட் பழையது, உள்ளே உட்கார்ந்த பிப் புதியது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போச்சு.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். டூலை யார் போட்டார்களோ அவர்கள் கையால்தான் பிளகினும் போக வேண்டும். ஃப்ளேக்8 தன் பிளகின்களை எங்கே தேடுகிறது? தான் ஓடுகிற அதே பைத்தானில் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது, அதில் எது "நான் ஃப்ளேக்8-க்கு வந்தவன்" என்று பெயர் கொடுத்திருக்கிறது என்று பார்க்கும், அவ்வளவுதான். எங்கள் மாமா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு கரண்ட், எங்களுக்குக் கேரள கரண்ட். இருபதடி தூரம்தான், அதற்காக அங்கிருந்து வயர் இழுத்து எங்கள் மோட்டாருக்குப் போட முடியுமா?

ஆகவே முதலில் ஆப்டிலேயே தேடுங்கள். ஆப்ட் சர்ச் ஃப்ளேக்8 என்று அடித்தால் பைத்தான்3 என்று தொடங்குகிற பிளகின் பேக்கேஜ்கள் வரும். வேண்டியது அதில் இருந்தால் சூடோ ஆப்ட் இன்ஸ்டால், வேலை முடிந்தது. கோடைச் சோதிக்கிற பைடெஸ்ட் மாதிரி டூலுக்கு கவரேஜ், எக்ஸ்டிஸ்ட் பிளகின்கள் எல்லாம் இப்படியே கிடைக்கும். வெர்ஷன் கொஞ்சம் பழசாக இருக்கும், படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு பிரஸ்னமே இல்லை.

அதில் இல்லை, அல்லது புதுசுதான் வேண்டும் என்றால் டூலையே இடம் மாற்றுங்கள். சூடோ ஆப்ட் ரிமூவ் ஃப்ளேக்8 கொடுங்கள். ஒவ்வொரு பைத்தான் டூலையும் தனித்தனி அறையில் வைக்கிற பிப்எக்ஸை ஆப்டில் போட்டு, பிப்எக்ஸ் என்ஷ்யூர்பாத் கொடுத்து டெர்மினலை மூடித் திறங்கள். பிப்எக்ஸ் இன்ஸ்டால் ஃப்ளேக்8. அப்புறம் பிப்எக்ஸ் இன்ஜெக்ட், ஒரு இடைவெளி, ஃப்ளேக்8, இன்னொரு இடைவெளி, ஃப்ளேக்8-பக்பேர். டூல் இருக்கிற அறைக்குள்ளேயே பிளகினை நுழைக்கிற இந்த இன்ஜெக்ட் என்ற சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பக்பேரை பிப்எக்ஸ் இன்ஸ்டால் என்று தனியாகப் போட்டால் நோ ஆப்ஸ் அசோசியேட்டட் என்று திட்டும், திட்டுவது நியாயம்தான், அது தனியாக ஓடுகிற ஆள் இல்லையே.

காலேஜ் புராஜெக்டுக்கு மட்டும் என்றால் இதுகூட வேண்டாம், புராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு வென்வ், அதாவது அந்த புராஜெக்டுக்கு மட்டுமான தனி பைத்தான் இடம், போட்டு டூல், பிளகின் இரண்டையும் அதற்குள் பிப்பால் போடுங்கள், அங்கே எந்தப் பூட்டும் கிடையாது. வென்வ் உருவாகவில்லை என்றால் பைத்தான்3-வென்வ் என்ற பேக்கேஜை ஆப்டில் போட மறந்திருப்பீர்கள். விம், விஎஸ் கோடு என்ற எடிட்டர்களின் பிளகின்கள் ஹோம் ஃபோல்டரில் தனியாக உட்காருவதால் இந்தத் தலைவலியே இல்லை.

போட்டது ஏறியதா என்று பார்க்க ஃப்ளேக்8 மைனஸ் மைனஸ் வெர்ஷன் அடியுங்கள். அடைப்புக்குறிக்குள் மெக்கேப், பைகோட்ஸ்டைல், பைஃப்ளேக்ஸ் என்று வரிசையாக வரும், அந்த வரிசையில் பக்பேர் பெயரும் இருந்தால் ஏறிவிட்டது. ஒரு ஃபங்ஷனுக்கு டீஃபால்ட்டாக காலி லிஸ்ட் கொடுத்து எழுதிப் பாருங்கள், பி006 என்ற பிழை எண்ணோடு பக்பேர் பிடிக்கும். பெயர் வரவில்லை என்றால் விச் மைனஸ் ஏ ஃப்ளேக்8 அடியுங்கள், ஆப்ட் டூல் வைக்கிற யூஎஸ்ஆர் பின் ஃபோல்டரில் பழையது இன்னும் கிடந்தால் அதுதான் முந்திக்கொள்கிறது. பழையதை எடுத்த பிறகும் அந்தப் பாதையைச் சொல்லி நோ சச் ஃபைல் என்றால் பயப்பட வேண்டாம், டெர்மினலில் ஓடுகிற பாஷ் பழைய முகவரியை ஞாபகம் வைத்திருக்கிறது, ஹாஷ் மைனஸ் ஆர் கொடுத்தால் மறந்துவிடும்.

சரி, வேலந்தாவளத்திலிருந்து ஒரு அக்கா ஜிட் பற்றிக் கேட்டிருக்கிறார், அதைப் பார்ப்போம்.